மருத்துவச்சிக்குப் பேறுகாலம் பார்ப்பது யார்?

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையில் ஆற்றிய உரையின் செம்மைப்படுத்தப்பட்ட எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இது விடிகாலை. சிலருக்கு இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரம். நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருக்கிற செவிலியரும் இரண்டு மூன்று பேர் இந்தத் திரையில் தெரிகிறீர்கள். தூக்கத்தை விட்டு வந்ததற்கு நன்றி.

"மருத்துவச்சிகளின் பேறுகால அனுபவம்" என்று நான் தலைப்புச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் ஒரு சந்தேகம் கேட்டார். "பேறு பார்த்த அனுபவமா, பெற்ற அனுபவமா?" பெற்ற அனுபவம் என்றேன். "அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா?" என்றார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த உரை வந்தது.

முதலில் ஒரு சிறிய விளக்கம். நான் டிப்ளமோ படித்த செவிலி. நம் ஊரில் அந்தப் படிப்பின் பெயரிலேயே மருத்துவச்சி இருக்கிறாள்: ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி. படித்து முடித்தால் கவுன்சிலில் செவிலி என்றும் மருத்துவச்சி என்றும் இரண்டாகப் பதிவு செய்வார்கள். ஆகவே இங்கே மருத்துவச்சி என்று சொல்லும்போது, வீடு தேடி வந்து பேறு பார்த்த பழைய ஊர்ப் பெண்களையும், ஆஸ்பத்திரி லேபர் வார்டில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிற எங்களையும், ஈழத்து நண்பர்கள் மருத்துவமாது என்று அழைப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

படிக்கிற காலத்தில் இருபது பிரசவங்களை நம் கையால் பார்த்து, கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு வயதும் அப்போது இருபதுதான். நாலாவதோ ஐந்தாவதோ பிரசவம். கட்டிலில் இருந்த அக்காவுக்கு மூன்றாவது பேறு. "மூச்சை இழுத்து விடுங்கக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், உங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார். "இல்லக்கா, கல்யாணமே ஆகல" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மலடிக்குத் தெரியுமா பிள்ளைப்பேற்றின் வலி என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அது எத்தனை பெண்களைக் குத்தியிருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பழமொழி ஒரு கருத்தையும் முன்வைக்கிறது. பெற்றவளுக்குத்தான் தெரியும், தெரிந்தவளால்தான் பரிவு காட்ட முடியும் என்பது அந்தக் கருத்து. இது சரியா?

இது நம் ஊர்க் கேள்வி மட்டும் அல்ல. பிளேட்டோவின் 'தியேட்டீட்டஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் தன்னை ஒரு மருத்துவச்சியின் மகன் என்று சொல்லிக்கொள்கிறார். அவருடைய தாய் ஃபைனரெட்டி பேறு பார்த்தவர். பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண் மருத்துவச்சியாக இருப்பதில்லை, பெற்று முடித்து அந்தப் பருவத்தைக் கடந்தவளே அந்த வேலைக்கு வருகிறாள் என்று சாக்ரட்டீஸ் விளக்குகிறார். பேறுகாலத்துக்குக் காவலான ஆர்த்தமிஸ் தெய்வமே பிள்ளை பெறாதவள். ஆனாலும் மனிதர்கள் அனுபவம் இல்லாத ஒன்றில் திறமை பெற முடியாத பலவீனர்கள் என்பதால், பெற்று ஓய்ந்தவர்களுக்கு அந்த வேலையை அவள் கொடுத்தாள் என்பது அவர் சொல்லும் காரணம்.

ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் கழித்து எபேசு நகரத்தில் பிறந்த சொரானஸ் என்ற மருத்துவர் இதை மறுத்தார். அப்போஸ்தலர் நடபடிகளில் தியானாள் கோயிலுக்காகக் கலகம் நடந்ததாகப் படிக்கிறோமே, அதே எபேசு. தியானாள் என்று நம் வேதாகமம் சொல்வது ஆர்த்தமிஸைத்தான். ரோமில் மருத்துவம் பார்த்த சொரானஸ், பெண்களுக்கான மருத்துவம் பற்றி எழுதிய நூலில் நல்ல மருத்துவச்சிக்கு வேண்டிய தகுதிகளைப் பட்டியலிடுகிறார். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பதறாமல் இருக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டு, அவள் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார். வலியை அனுபவித்தவளுக்குத்தான் பரிவு வரும் என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் பரிவு பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய குணம் அல்ல என்பது அவர் வாதம்.

இந்த இரண்டு கட்சிகளில் எது சரி என்று பார்க்க, மருத்துவச்சிகளே தங்கள் பேறுகாலத்தைப் பற்றி எழுதியதைத் தேடிப் போனேன். கிடைத்தது மிகக் குறைவு. அதில் மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் பாரிஸில் வாழ்ந்த லூயீஸ் பூர்ஷ்வா. 1563இல் பிறந்தவர். கணவர் படையில் அறுவை மருத்துவர். 1589இல் பாரிஸைச் சுற்றி நடந்த போரில் வீடும் உடைமையும் போய், குழந்தைகளோடு தையல் வேலை செய்து பிழைக்க வேண்டிய நிலை. அப்போது அவருக்குப் பேறு பார்த்த மருத்துவச்சிதான், "உனக்கு எழுதப் படிக்கத் தெரியும், கணவரும் மருத்துவர், நீ இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம்" என்று தூண்டியிருக்கிறார். முதலில் ஒரு சுமைதூக்குபவரின் மனைவிக்குப் பேறு பார்த்தார். 1601இல் பிரான்ஸ் அரசி மரி தெ மெதிசிக்குப் பேறு பார்த்து, பிற்காலத்தில் பதின்மூன்றாம் லூயி ஆன குழந்தையைக் கையில் ஏந்தினார். அரசியின் ஆறு பேறுகளையும் அவரே பார்த்தார். 1609இல் தன் அனுபவங்களை நூலாக அச்சிட்டார். தன் மகளுக்கு அறிவுரையாகவும் எழுதினார். அரசியின் பேறு எப்படி நடந்தது என்று விரிவாக எழுதியவர், தன் சொந்தப் பேறுகளைப் பற்றிச் சொல்வது இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தேன் என்ற அளவில்தான்.

இரண்டாமவர் அமெரிக்காவின் மார்த்தா பல்லார்டு. இன்றைய மெயின் மாநிலத்தில் ஹாலோவெல் என்ற ஆற்றங்கரை ஊரில் 1785 முதல் 1812 வரை நாள் தவறாமல் குறிப்பு எழுதினார். அந்த 27 ஆண்டுகளில் 816 பேறுகள் பார்த்திருக்கிறார். பனியில், வெள்ளத்தில், குதிரையில், படகில் போய்ப் பார்த்தது எல்லாம் அதில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச் அந்த நாட்குறிப்பை வைத்து 1990இல் 'ஒரு மருத்துவச்சியின் கதை' என்ற நூலை எழுதி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். ஆங்கிலம் வாசிப்பவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.

மார்த்தா ஒன்பது பிள்ளைகள் பெற்றவர். 1769 கோடையில் அவர் நிறைமாதமாக இருந்தபோது தொண்டை அடைப்பான் நோயில் மூன்று மகள்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அதே கோடையில், ஆகஸ்டில், இன்னொரு மகளைப் பெற்றார். அந்தப் பேறு எப்படி இருந்திருக்கும்? நமக்குத் தெரியாது. அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோது வயது ஏறக்குறைய ஐம்பது. கடைசிப் பிள்ளை பிறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 816 பெண்களின் பேறு பதிவாகியிருக்கிற புத்தகத்தில் அதை எழுதியவரின் ஒன்பது பேறுகள் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும், இறந்த மகளின் நினைவு நாளில், இன்றோடு இத்தனை ஆண்டுகள் ஆயின, அவளுக்கு வயது இவ்வளவு என்று அன்றைய வேலைகளுக்கு நடுவே குறித்து வைத்திருக்கிறார்.

மூன்றாமவர் மேரி பிரெக்கின்ரிட்ஜ். 1881இல் பிறந்த அமெரிக்கர். செவிலியப் பயிற்சி முடித்தவர். 1916இல் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து சில மணி நேரத்தில் இறந்தது. 1918இல் நாலு வயது மகனும் இறந்துபோனான். திருமணமும் முறிந்தது. அதன் பிறகு, போரில் சிதைந்த பிரான்சுக்குப் போய் வேலை செய்தார். பின் இங்கிலாந்தில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். 1925இல் கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியில் குதிரையில் போய்ப் பேறு பார்க்கும் செவிலியர் அமைப்பைத் தொடங்கினார். சாலை இல்லாத, பணம் இல்லாத மக்கள். அந்த அமைப்பு பார்த்த முதல் ஆயிரம் பேறுகளின் கணக்கை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியல் அறிஞர் ஆராய்ந்தபோது, கருவுற்றதோ பேறோ நேரடிக் காரணமாக ஒரு தாய்கூட இறக்கவில்லை என்று கண்டார். பிரெக்கின்ரிட்ஜ் தன் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த இழப்புதான் மற்றக் குழந்தைகளுக்காகத் தன்னை உழைக்கவைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

இவரை வைத்துச் சாக்ரட்டீஸ் கட்சி ஜெயித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே பிரெக்கின்ரிட்ஜ் கறுப்பின மக்களைத் தாழ்வாக எண்ணியவர், தன் காலத்து இனவாதத்தைச் சுமந்தவர் என்பதையும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளையை இழந்த துக்கம் அவரைக் கென்டக்கி மலை வரை கொண்டுபோனது. அதற்கு அப்பால் கொண்டுபோகவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். மற்றவர்கள் எழுதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு நான் மட்டும் மறைப்பது சரியல்ல.

தென்தமிழ்நாட்டின் ஒரு ஊரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபர் வார்டில் வேலை பார்த்தேன். முதல் கர்ப்பம் பத்தாவது வாரம். அந்த வாரம் முழுவதும் நைட் டியூட்டி. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்குப் பாத்ரூம் போனபோது இரத்தம் பட்டிருந்தது. அது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியே கட்டிலில் ஒரு பெண்ணுக்கு எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது. வார்டில் நானும் ஒரு ஆயாவும்தான். ஐந்து மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் பையன் பிறந்தான். நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று விரித்துப் பார்த்தேன், எடை போட்டேன், பதிவேட்டில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டு என் விஷயத்தைச் சொன்னேன்.

மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். நாலாம் நாள் அதே வார்டு. யாரும் கொடுமையாக நடந்துகொள்ளவில்லை. "வயசு இருக்கு, அடுத்தது நல்லா நிக்கும்" என்றார்கள். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டப்படி கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. எனக்கு மேலே இருந்தவர்களும் சொல்லவில்லை. நோயாளிகளுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்த நான் எனக்கு உரியதைக் கேட்கவில்லை.

2019இல் டென்மார்க்கில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலும் மருத்துவமனைகளில் வேலை பார்த்த, 22,000க்கும் அதிகமான கர்ப்பிணிகளின் வேலைநேரப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். எட்டாவது வாரத்துக்குப் பின், ஒரு வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவுப்பணி செய்தவர்களுக்கு, அடுத்த வாரத்தில் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 32 சதவீதம் அதிகமாக இருந்தது. அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை இங்கே கவனமாகச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் நடக்கும் சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நடப்பவை. தனி ஒருத்திக்கு ஏன் நடந்தது என்று இந்த ஆய்வு சொல்லாது. என் குழந்தை நைட் டியூட்டியால்தான் போனது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் கர்ப்பிணிச் செவிலிக்கு இரவுப்பணி போடலாமா என்று கேட்பதற்கு அந்த எண் போதும்.

அந்த மாதம் ஆலயத்தில் யாத்திராகமம் முதல் அதிகாரம் பிரசங்கம். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு எபிரெய மருத்துவச்சிகள். ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடச் சொன்ன பார்வோனின் கட்டளையை அவர்கள் மீறினார்கள். மருத்துவச்சிகளைப் பற்றிய மிகப் பழைய, மிக அழகான கதைகளில் ஒன்று அது. கடைசியில், அவர்கள் தேவனுக்குப் பயந்ததால் அவர் அவர்களுடைய குடும்பங்களைத் தழைக்கச் செய்தார் என்று வரும். போதகர் அந்த வசனத்தை மகிழ்ச்சியோடு விளக்கினார். பிறர் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்களுக்குத் தேவன் பிள்ளைகளைக் கொடுத்தார் என்றார். நான் மடியில் இருந்த பைபிளை மூடிவைத்தேன். அப்படியானால் எனக்கு ஏன் கொடுத்ததை எடுத்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்று அந்த அதிகாரத்தை வேறுவிதமாக வாசிக்கிறேன். வேதாகமம் அந்த இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறது. அவர்களுக்கும் வீடு உண்டு, குடும்பம் உண்டு என்று சொல்கிறது. மருத்துவச்சியின் சொந்த வாழ்க்கையை ஒரு வரியிலாவது நினைத்துப் பார்த்த கதை அது.

இரண்டாவது கர்ப்பம் நிலைத்தது. ஆனால் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொல்லமுடியாது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கொடி முன்னால் சரிந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். பேறு முடிந்து சிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் இரத்தப்போக்கில் உதடு வெளுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்தில் ஒன்று நடக்கும் என்று மற்றப் பெண்களுக்குச் சொல்வோம். அந்த ஒன்றின் முகம் எங்களுக்குத் தெரியும்.

இது என் ஒருத்தியின் மனக்கோளாறு அல்ல. பேறு நேரத்து விபரீதங்களை நேரில் பார்த்த பிரிட்டன் மருத்துவச்சிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பதில் எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஉளைச்சலின் அறிகுறிகள் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருந்தன. இப்படிப்பட்ட ஒருத்தி கர்ப்பமானால் அத்தனையையும் சுமந்துகொண்டுதான் கட்டிலில் ஏறுவாள்.

பயம் உடம்பில் என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கருப்பை சுருங்கி விரிய ஆக்சிடோசின் என்ற சுரப்பு வேண்டும். பயந்தால் அட்ரினலின் சுரக்கும். ஆபத்து நேரத்தில் ஓடவும் சண்டை போடவும் உதவுகிற சுரப்பு அது. கருப்பைத் தசைகளைத் தளர்த்துகிற வேலையும் அதற்கு உண்டு. அதனால் வலி விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் வரும். நார்வேயில் 2,206 பெண்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், பேற்றைப் பற்றி மிகுந்த பயம் கொண்டிருந்தவர்களுக்கு, மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும், பிரசவ நேரம் சராசரியாக 47 நிமிடம் கூடுதலாக இருந்தது.

எனக்கு இடுப்புவலி எடுத்தபோது நான் வேலை பார்த்த அதே வார்டில்தான் சேர்த்தார்கள். எல்லோரும் தோழிகள். ஊசி போடுகிறவர் என்ன மருந்து என்று சொல்லவில்லை, எனக்குத்தான் தெரியுமே. உள்பரிசோதனை செய்தவர் எத்தனை சென்டிமீட்டர் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனார். நானே எட்டிப் படித்துக்கொள்வேன் அல்லவா? பக்கத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் இயந்திரம் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வலியிலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு ஒருமுறை இறங்கியது. அது சாதாரண இறக்கமா, பயப்படவேண்டிய இறக்கமா என்று எனக்குள் ஒரு மருத்துவச்சி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தியபோது தோழி ஒருத்தி, "நீயே நர்ஸ், நீயே இப்படிக் கத்தலாமா?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் எத்தனையோ பேரிடம் கத்தாதீர்கள் என்று சொன்னவள்தான்.

அப்போது ஷிஃப்ட் மாறி ஒரு மூத்த ஸ்டாஃப் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்களையெல்லாம் மிரட்டி வேலை வாங்குகிறவர். வந்தவர் என்னைப் பார்த்தார், நான் எதைப் பார்க்கிறேன் என்றும் பார்த்தார். இயந்திரத்தை எனக்குத் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். "இத நான் பாக்கேன் மக்களே. நீ பாக்காண்டாம்" என்றார். பிறகு முதல்முறை பிள்ளை பெற வந்த படிக்காத பெண்ணுக்குச் சொல்வதுபோல, இப்போது என்ன நடக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குத் தெரிந்தவைதான் எல்லாம். ஆனால் அவர் சொல்லச் சொல்ல எனக்குள் இருந்த மருத்துவச்சி டியூட்டி முடித்துக் கிளம்பிவிட்டாள். என் மகள் பிறந்தபோது நான் வெறும் தாயாக இருந்தேன்.

அவர் பிள்ளை பெற்றவர் அல்ல. சொரானஸ் சொன்னது சரி என்று எனக்கு அன்று தெரிந்தது, சொரானஸ் என்ற பெயரே தெரியாமல்.

ஆனால் இதோடு முடித்தால் நான் பாதிதான் சொன்னவளாவேன். மகள் பிறந்த பிறகு நான் எப்படி மாறினேன் என்பது மீதிப் பாதி.

நல்ல மாற்றங்கள் உண்டு. கத்தாதே என்று சொல்வதை விட்டேன். உள்பரிசோதனைக்கு முன் கேட்டுக்கொண்டு கை வைத்தேன். கூடவே ஒரு அகங்காரமும் வந்தது. வளைகுடா நாடு ஒன்றில் வேலைக்குப் போன பிறகு, ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தார். தாய் தகப்பன் ஊரில். கணவர் வாசலில். அந்த வார்டில் அவர் மொழி பேசியவள் நான் ஒருத்திதான். அவர் அழுதபோது, "நானும் பெத்தவதாம்மா, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, பொறுத்துக்கலாம்" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "உங்கட நோ உங்களுக்கு, என்ர நோ எனக்கு, சிஸ்டர்" என்றார்.

முதுகில் ஒன்று வைத்ததுபோல் இருந்தது. அவர் குழந்தைக்கு முகம் மேல்நோக்கி இருந்தது. அப்படி இருந்தால் வலி இடுப்பின் பின்புறத்தில் விடாமல் குத்தும். என் மகள் நேராக இருந்தாள். என் வலியை அளவுகோலாக வைத்து அவர் வலியை அளந்திருக்கிறேன். பிள்ளை பெறாத இருபது வயதில் நான் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. அன்று என்னிடம் அளவுகோல் இல்லை. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே பெற்ற அனுபவம் மருத்துவச்சிக்கு உதவுமா என்றால், அவள் அதை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்வேன். "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தூண்டினால் உதவும். "எனக்குத் தெரியும்" என்று வாயை அடைத்தால் கெடுக்கும். பேறு நேரத்தில் விடாமல் ஒருவர் கூட இருந்தால் என்ன ஆகிறது என்று 17 நாடுகளில், 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்டார்கள். பிரசவ நேரம் குறைந்தது, இயல்பான பேறு கூடியது, அறுவை குறைந்தது. கூட இருந்தவர்களில் மருத்துவமனை ஊழியர், பயிற்சி பெற்ற துணைப்பெண்கள், உறவினர் எனப் பலவகையினர் இருந்தார்கள். விட்டுப்போகாமல் கூட இருந்ததுதான் அவர்கள் எல்லோருக்கும் பொது.

அந்தத் துணை மருத்துவச்சிக்கும் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன். கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் வீடுகளில் செவிலியர் அதிகம். வெளிநாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் மனைவி நர்ஸ், மருமகள் நர்ஸ் என்பது சாதாரணம். அவள் கர்ப்பமாக இருக்கும்போது "உனக்குத் தெரியாததா" என்று விட்டுவிடாதீர்கள். பரிசோதனைக்குக் கூடப் போங்கள். டாக்டர் அவளுக்கு விளக்கம் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேளுங்கள். நைட் டியூட்டி, எடை தூக்கும் வேலை பற்றி வேலையிடத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நான் முன்பு சொன்ன 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, பேற்றுக்கு முந்தைய மாதங்களில் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் கொடுக்கக்கூடாது என்று கேட்க ஒரு பெண்ணுக்கு இடம் இருந்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்று சட்டம் எழுதியிருந்தது. எங்களுக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் கர்ப்பிணிக்கும், கரு கலைந்தவளுக்கும் என்ன உரிமை என்று விசாரித்து வையுங்கள். நியூசிலாந்தில் 2021 முதல் கரு கலைந்தால் பெண்ணுக்கும் துணைவருக்கும் மூன்று நாள் துக்க விடுப்பு உண்டு. மூன்று நாள் போதுமா என்பது வேறு கேள்வி. அதைத் துக்கம் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபர் வார்டில் ஒரு பிரசவப் பதிவேடு இருக்கும். முதல் கட்டங்களில் தாயின் பெயர், வயது, எத்தனையாவது பேறு. கடைசிக் கட்டத்தில் பேறு பார்த்தவரின் பெயர். நான் வேலை பார்த்த அந்த வார்டின் பதிவேட்டில் கடைசிக் கட்டத்தில் என் பெயர் நூற்றுக்கணக்கான முறை இருக்கும். முதல் கட்டத்தில் ஒரே ஒருமுறை. பத்து வாரத்தில் போனது அதில் இல்லை. உங்கள் ஊரில், உங்கள் குடும்பத்தில் பேறு பார்த்த வயதான பெண்கள் இன்னும் இருந்தால், எத்தனை பேறு பார்த்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உங்களுக்குப் பேறு பார்த்தது யார் பாட்டி என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.

இப்போதும் சில பெண்கள் வலிக்கு நடுவே என்னைக் கேட்கிறார்கள், "சிஸ்டர், உங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்று. ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு, "உங்களுக்கு இப்போ எங்கே வலிக்குது, சொல்லுங்க" என்று கேட்கிறேன்.

கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள். நைட் டியூட்டி முடித்து வந்தவர்கள் முதலில் கேட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.